அத்தியாயம் 6: குழாயும் கட்டையும்

பேனாக் கட்டைக்குள் பித்தளைக் குழாயைச் செருகும்போது கைவசம் இருப்பது மூன்று நான்கு நொடிதான். பொந்தியானில் மழை விட்ட மாலை நேரமென்றால் அதுவும் இல்லை. சூப்பர் குளூ தடவிய குழாய் பாதி உள்ளே போய், மீதி வெளியே நீட்டிக்கொண்டு, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றுவிடும். இழுத்தால் வராது, தள்ளினால் போகாது. என் பட்டறை மேசைக்கு அடியில் ஒரு பெரிய மைலோ டின் நிறைய அப்படிப்பட்ட கட்டைகள் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. இந்த அத்தியாயத்தில் பாதி அந்த டின்னிலிருந்து எடுத்ததுதான்.

பேனாவில் பசைக்கு என்ன வேலை? நாம் வாங்கும் பேனா கிட்டில் பெரும்பாலும் பித்தளைக் குழாய் இருக்கும். ‘ஸ்லிம்லைன்’ வகையில் 7 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு குழாய்கள். கட்டையில் துளை போட்டு, குழாயை ஒட்டி, மேன்ட்ரல் கம்பியில் கோத்துக் கடைகிறோம். கடைந்து முடிக்கும்போது முனைப் பக்கத்தில் குழாயைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் மரம்கூட மிஞ்சாது. அந்த மெல்லிய மரத்தோலைப் பிடித்து நிறுத்துவது பசைதான். உளி பட்டுத் தெறிக்காமல் பார்ப்பதும், முனையையும் கிளிப்பையும் அழுத்தி ஏற்றும்போது குழாய் நழுவாமல் காப்பதும் அதே பசைதான்.

திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் தண்டைக் கையால் கடைந்து செய்யும் பேனாவில் இந்தத் தொல்லை கிடையாது. எபோனைட்டிலேயே மரை வெட்டி உடலையும் மூடியையும் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே குழாய் வேண்டியதில்லை. எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர். இந்த வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியலில் வெட்டிய பால் கப்பலேறிப் போய் எந்த ஊரில் யார் சட்டைப்பையில் பேனாவாக உட்கார்ந்ததோ. அது வேறு கதை. நமக்குக் குழாய் உண்டு, ஆகவே பசையும் உண்டு.

முதலில் ஈரம்

பொந்தியானுக்கு ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. உள்ளே போனால் பெக்கான் நானாஸ் வரை அன்னாசி போடும் கரிச்சதுப்பு நிலம். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இந்தக் காற்றில் கட்டையை எத்தனை மாதம் காயவைத்தாலும், அதன் உலர்ந்த எடையில் 14 முதல் 16 விழுக்காடு நீர் உள்ளே தங்கியே தீரும். ஏர்கோன் அறைக்குள் அதே கட்டை 10 விழுக்காட்டுப் பக்கம் இறங்கும். குளிர்நாட்டில் ஹீட்டர் எரியும் வீட்டில் 6, 8 என்று இன்னும் கீழே போகும்.

பேனாக் கையேடுகள் பலவும் அந்தக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ‘சூப்பர் குளூ இறுகவில்லையானால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்’ என்று அவர்கள் சொல்வதை இங்கே செய்தால் குழாய் வாசலிலேயே ஒட்டிக்கொள்ளும். எந்தப் பசை பலமானது என்று கேட்பதற்கு முன், கட்டையில் எவ்வளவு ஈரம், பேனா போய்ச் சேரும் இடத்தில் எவ்வளவு ஈரம் என்று கேளுங்கள். பசையைத் தேர்ந்தெடுக்க இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்.

பெக்கான் நானாஸிலிருந்து ஒரு தம்பி, நான் செய்து கொடுத்த பேனாவை நாலு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். நுனியிலிருந்து கிளிப் வரை ஒரே கோடாக வெடித்திருந்தது.

“அண்ணே, கம் சரியில்ல போல.”

“எங்க வெச்சிருந்தீங்க தம்பி?”

“ஆபீஸ்லதான். ஏர்கோன் நேரா என் மேசை மேலதான் அடிக்கும்.”

வெடிப்பின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். மரம் குழாயை விட்டுக் கொஞ்சம்கூடப் பிரியவில்லை. கம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மரம் காய்ந்து சுருங்கப் பார்த்தது, பித்தளை இடம் கொடுக்கவில்லை, நடுவில் இருந்த சூப்பர் குளூ கண்ணாடி மாதிரி விறைத்து நின்றது. வழியில்லாமல் மரம் வெடித்துவிட்டது. ஈரக் கட்டையை நான் அவசரப்பட்டுக் கடைந்ததுதான் குற்றம். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் பத்துப் பேனா முடிக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லத்தக்க காரணமில்லை. வேறு பேனா செய்து கொடுத்தேன்.

ஈரமானி வாங்க வேண்டியதில்லை, தராசு போதும். ஆனால் ஒரு பேனாக் கட்டை சுமார் 35 கிராம்தான். சமையலறைத் தராசில் அதன் மாற்றம் தெரியாது. பத்துக் கட்டையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி நிறுத்து, எடையையும் தேதியையும் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். பிறகு ஏர்கோன் ஓடும் படுக்கையறை அலமாரியில் வைத்து வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் துளை போடலாம். துளை போட்ட அன்றே குழாயை ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் வட்டத் துளை முட்டை வடிவாகும். பிறகு குழாய் ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் ஆடும்.

எந்தப் பசை

சூப்பர் குளூ, அதாவது சையனோஅக்ரிலேட். இங்கே எந்த ஹார்ட்வேர் கடையிலும் ‘கம் காஜா’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவரின் குழு துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடும்போது கையில் அகப்பட்ட பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார்கள். 1951இல் மறுபடி அதே தொல்லை வந்தபோதுதான் தொல்லையே சரக்கு என்று புரிந்தது. 1958இல் கடைக்கு வந்தது. இது காய்ந்து ஒட்டும் பசையல்ல. மேற்பரப்பில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பட்டதும் உள்ளிருக்கும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகும். ஈரம்தான் அதற்குத் தீக்குச்சி. அதனால்தான் பொந்தியானில் அது அவசரக்காரனாக இருக்கிறது.

குழாய் ஒட்டக் கெட்டியான வகையை மட்டும் வாங்குங்கள். தண்ணீர் போல் ஓடும் வகை விரிசலுக்குள் ஊறவைப்பதற்கு. அதைக் குழாயில் தடவினால் ஒரு பக்கம் வழிந்தோடி மறு பக்கம் வெறுமையாக நிற்கும். நடுத்தர வகை மேல்பூச்சுக்கு. எந்த வகையானாலும் இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஒட்டிய பேனாவைச் சிமென்டுத் தரையில் ஒரு தடவை போட்டால் விட்டுக்கொள்ளலாம்.

எபாக்சி இரண்டு குழாயில் வரும், கலந்து பூச வேண்டும். அரால்டைட் என்றால் எல்லாருக்கும் தெரியும். என் பட்டறையில் பத்துக்கு எட்டுப் பேனா எபாக்சியில்தான். சூப்பர் குளூ அளவுக்கு விறைப்பு இல்லை; மரத்தின் சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும், தளர்ந்த துளையையும் நிரப்பும். ‘5 நிமிடம்’ என்று போட்ட வகையை நான் குழாய்க்கு வாங்குவதில்லை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்சி ஏறத்தாழ இரட்டை வேகத்தில் இறுகும். குளிர்நாட்டு அறையில் 5 நிமிடம் என்றால் தகரக் கூரைப் பட்டறையில் இரண்டோ மூன்றோதான். அதோடு, வெயிலில் நிறுத்திய காருக்குள் பேனாவை விட்டால் இந்த அவசர வகை இளகிக்கொடுக்கும். 30 நிமிட வகையை வாங்கி இரவில் ஒட்டுங்கள், மறுநாள் மாலை கடையுங்கள்.

கலக்கும்போது ஒரு கணக்கு. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கன அளவைச் சொல்கிறது, எடையை அல்ல. ரெசினும் கெட்டியாக்கியும் ஒரே கனத்துக்கு ஒரே எடை இருக்காது. தராசில் சரிபாதி போட்டுவிட்டு, ‘ஒரு வாரமாகப் பிசுபிசுக்கிறது’ என்று வருகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் மூடியில் இரண்டு சம நீளக் கோடு பிழிந்து, ஒரு நிமிடம் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகும். மெல்லப் பரப்பி வையுங்கள்.

பாலியூரத்தேன் பசையும் ஈரத்தால் இறுகுவதுதான், ஆனால் நுரைத்துப் பொங்கும். பொங்கும்போது குழாயை வெளியே தள்ளும். இரண்டு முனையையும் கிளாம்பில் பிடிக்காவிட்டால் காலையில் குழாய் அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும். நுரை துளையை நிரப்புமே தவிர அந்த நுரைக்குப் பலம் குறைவு. தவிர, திறந்த குப்பி இந்த ஊர்க் காற்றில் சில வாரத்தில் கல்லாகிவிடும். மாதம் ஒரு பேனா செய்கிறவருக்குக் கட்டாது.

தச்சர்களின் வெள்ளைப் பசை வேண்டாம். ஒட்டும் பரப்பில் ஊறினால்தான் அது பிடிக்கும், பித்தளையில் எங்கே ஊறும்?

அரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாராங் கத்தியைப் பிடிக்குள் இறுக்க மலாய்க் கொல்லர்கள் ‘மலாவ்’ என்ற அரக்கைத்தான் உருக்கி விடுவார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு நிறம் ஏற்றுவதும் அரக்கில்தான்; சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் இளகிப் பிடிக்கும். சூடு காட்டினால் விட்டுக்கொள்வது அதன் குணம். ஊற்றுப் பேனாவில் மைப் பையை அரக்குக் கரைசலால் ஒட்டுவது அந்தக் குணத்துக்காகவேதான்: பழுது பார்க்கக் கழற்ற வேண்டும் அல்லவா? குழாய்க்கு அது ஆகாது.

நம் வட்டாரக் கட்டைகள்

பால்மரக் கட்டை எந்தப் பசைக்கும் இணங்கும், புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் வெட்டிப் போட்டால் சில நாளிலேயே நீலம் பாய்ந்து வண்டும் ஏறும். மருந்து ஏற்றிய, மூவாரில் நாற்காலிக்குப் போகிற பலகையின் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தென்னையில் வெளிவட்டம் மட்டும் உதவும். கரிய நார்கள் கல்லாகவும் நடுவிலுள்ள சோறு மெத்தென்றும் இருப்பதால், துளை போட்டதும் உட்சுவரில் நீர்த்த சூப்பர் குளூவை ஊறவிட்டு, அது இறுகியபின் துளைக்குள் மறுபடி ட்ரில்லை ஒரு ஓட்டம் ஓட்டி, பிறகு எபாக்சியில் குழாயை ஒட்டுங்கள். குக்குப் பக்கம் கடலில் மீன்பிடிக்கும் கேலோங் நட உதவும் நிபோங்கும் பனை இனம்தான். அதன் ஊசி நார்கள் உளி பட்டால் சிலிர்த்து எழும். அதற்கும் இதே வைத்தியம். பழைய கம்பம் கிடைத்தால் வாங்கலாம், உப்பேறியிருக்கும், நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிதானமாகக் காயவையுங்கள். தஞ்சோங் பியாயிலும் குக்குப் தீவிலும் நிற்கும் கண்டல் மரங்கள் தேசியப் பூங்காவுக்குள் உள்ளவை. அங்கே கத்தி எடுத்துப் போக வேண்டாம்.

தேக்கும் ரோஸ்வுட்டும் எண்ணெய் மரங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் துளையின் உட்சுவரை அசிட்டோன் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, அது ஆவியாகிப் போனதும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். நேற்றுத் துடைத்தேன் என்றால் இன்று எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். ரெங்காஸ் மரத்தின் சிவப்பைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதன் பாலும் தூளும் பட்ட தோல் கொப்பளிக்கும், அதற்குப் பசை ஆலோசனை ஒன்றும் என்னிடம் இல்லை.

ஒட்டும் விதம்

துளை போட்டவுடன் கட்டை உள்ளே சுடும். ஆறவிடுங்கள். அதற்குள் குழாயை 150 எண் உப்புத்தாளில் உருட்டித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்க்காமல் குறுக்குக் கீறலாக விழ வேண்டும். பளபளப்பு முழுக்கப் போய் மங்கிய பிறகு அசிட்டோனால் துடையுங்கள். துடைத்த குழாயை வெறும் விரலால் தொடாதீர்கள், இந்த ஊரில் நம் விரல் எப்போதும் வியர்த்தே இருக்கும். குழாயின் இரு வாயையும் களிமண் போன்ற பிளாஸ்டிசினால் அடையுங்கள். இல்லாவிட்டால் பசை உள்ளே புகுந்து, பிறகு மேன்ட்ரல் ஏறாது. சிலர் உருளைக்கிழங்கு வில்லையில் குழாயை அழுத்தி அடைப்பார்கள். எபாக்சிக்கு அது சரி, சூப்பர் குளூவுக்கு அந்த ஈரமே பகை.

பசை இல்லாமல் ஒரு முறை செருகிப் பாருங்கள். குழாய் தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் துளை சரி. தட்டி ஏற்ற வேண்டியிருந்தால், பசை போட்டபின் அது ஏறவே ஏறாது. பிறகு ஐஸ் குச்சியால் துளையின் உட்சுவரிலும் பசை தடவுங்கள், குழாயிலும் தடவுங்கள். குழாயை மட்டும் பூசிச் செருகினால் வாய் ஓரத்திலேயே பசை வழிந்து நின்றுவிடும். முக்கால் பாகம் திருகியபடி உள்ளே விட்டு, வெளியே இழுத்து, மறு முனையிலிருந்தும் ஒரு தடவை விட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். எபாக்சி இதற்கெல்லாம் பொறுமை காட்டும். சூப்பர் குளூவில் இந்த ஆட்டம் கிடையாது. ஒரே திருகு, ஒரே தள்ளு, விரல் எங்கும் நிற்கக் கூடாது.

உடைத்துப் பார்த்தல்

விட்டுப்போன பேனாவைக் குப்பையில் போடுமுன் உளியால் நீளவாக்கில் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்பதில் எல்லாம் இருக்கிறது.

பசை முழுதும் மரத்தில் இருந்து குழாய் பளிச்சென்று வந்தால், குழாயைத் தேய்த்ததும் துடைத்ததும் போதவில்லை. பசை குழாயோடு வந்து மரம் வெறுமையாக இருந்தால் எண்ணெய், ஈரம் அல்லது ட்ரில் விட்ட தூள். தூளானால் பசையின் முதுகில் மாவு ஒட்டிய மாதிரி தெரியும். அடுத்த முறை துளையை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு பக்கத்திலும் பசை பாதிப் பாதி இருந்து நடுவே பிளந்திருந்தால், துளை பெரிதாகிப் பசைப்படலம் தடித்துவிட்டது. ட்ரில் ஆடுகிறதா பாருங்கள், அல்லது சூப்பர் குளூவை விட்டு எபாக்சிக்கு மாறுங்கள். பிளந்த இடத்தில் எபாக்சி நகம் பதியும் அளவு மெத்தென்று இருந்தால் கலவை தவறு. பசையே இல்லாத திட்டுகள் தெரிந்தால் திருகாமல் நேராகத் தள்ளியிருக்கிறீர்கள். குழாயில் மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை மரத்தைவிடப் பலமாக இருந்திருக்கிறது. அப்போது கோளாறை வேறெங்காவது தேடுங்கள்: மழுங்கிய உளி, அல்லது பேரல் டிரிம்மர் என்கிற முனைசீவியை அழுத்தி ஓட்டிய கை. பித்தளை பளிச்சிட்டவுடன் சீவுவதை நிறுத்த வேண்டும்.

மேல்பூச்சில் பனி போல் வெள்ளைத் திட்டு வந்தால் அது சூப்பர் குளூவின் ஆவி ஈரக் காற்றில் இறுகித் திரும்பப் படிந்தது. மழை நாளில் மேல்பூச்சுப் போடாதீர்கள், போட வேண்டியிருந்தால் விசிறி ஆவியை அப்புறம் தள்ளட்டும், ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். பசையை உடனே இறுக வைக்கும் ஆக்சிலரேட்டரை அள்ளித் தெளித்தால் நுரைத்து வெளுக்கும். வெளுத்த பூச்சைக் காப்பாற்ற வழியில்லை, மரம் தெரியும்வரை தேய்த்து மறுபடி ஆரம்பியுங்கள்.

பாதியில் நின்ற குழாய்க்குச் சூடே நல்ல வழி. சால்டரிங் அயர்னைக் குழாய்க்குள் விட்டு ஒரு நிமிடம் வையுங்கள். பசை இளகும்போது இடுக்கியால் திருகி இழுங்கள். வெளித் திண்ணையில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள், சூடான சூப்பர் குளூவின் ஆவி கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். மரம் பிளந்தால் பிளக்கட்டும், கிட் மிஞ்சும்.

சூப்பர் குளூவைப் பருத்தித் துணியாலோ பருத்திக் கையுறையோடோ துடைக்காதீர்கள். பருத்தியில் அது ஒரே மூச்சில் இறுகி, புகை கிளம்பும் அளவு சுடும். விரலில் கொப்புளம் நிச்சயம். காகிதத் துண்டும் நைட்ரில் கையுறையும் வையுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். எபாக்சிக்கும் கையுறை அவசியம். அதன் ஒவ்வாமை உடனே தெரியாது, பல மாதம் தொட்ட பிறகு ஒரு நாள் தடித்து வரும், பிறகு போகாது.

பெரிய குப்பி மலிவு என்று வாங்க வேண்டாம், இந்த ஊரில் பாதிக்கு மேல் குப்பியிலேயே கல்லாகும். சின்னச் சின்னதாக வாங்கி, திறக்காததைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். சில்லென்று திறந்தால் குப்பிக்குள் வியர்க்கும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பசை என்று எழுதி, மருந்து வைக்கும் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். கண் சொட்டு மருந்துக் குப்பியும் இந்தக் குப்பியும் ஒரே அளவு, இரவில் விளக்குப் போடாமல் எடுத்தால் கைக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணில் பட்டுவிட்டால் இமையைப் பிரிக்க முயலாமல், தண்ணீரால் கழுவிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.